பல்லவி வரைக்கும்தான்

என் தம்பி என்னைப் பொய்க்காரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரே சண்டையில் தீர்த்திருப்பேன். அவன் செய்தது அதைவிட மோசம். வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க சின்னக்கா ஒரு பாட்டுப் பாடுவாக, கேளுங்க. உலகத்துல வேற யாருக்கும் தெரியாத பாட்டு" என்று எடுத்துக்கொடுப்பான். நானும் ரோஷத்தில் பாடித் தொலைப்பேன். கடைசிச் சரணம் வந்ததும் கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டு, வந்தவரைப் பார்த்து நீதிபதி மாதிரிக் கேட்பான்.

"வண்டி எப்பிடிங்க மஞ்சள் வாங்கும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் விசில் ஊதி விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு மைதானத்தையே அடக்கிவிடுவேன். இந்தச் சிரிப்பை மட்டும் அடக்க முடிந்ததில்லை. ஏனென்றால் நான் பாடுகிற அந்தச் சரணம் இவ்வளவுதான்:

மஞ்சள் வாங்கி... வண்டி வந்து சேர்ந்திடுமோ

மற்ற சரணங்களுக்கெல்லாம் நாலு நாலு வரி இருக்கும். கடைசி மட்டும் ஒன்றரை வரியில் முடிந்துபோகும். நடுவில் எதையோ யாரோ விழுங்கியிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், என் அக்காவுக்கும் தெரியும். விழுங்கப்பட்ட வரிகள் என்ன என்பதுதான் எங்கள் இருவருக்கும் தெரியாது. அரை நூற்றாண்டாகத் தெரியாது. அது எப்படி நடந்தது என்று சொல்ல, காரைக்குடியில் இருந்த ரிக்கார்டுக் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அப்போது அது இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டிய கடை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. மேலே கயிறு கட்டித் துணி காயப்போடுகிற மாதிரி இசைத்தட்டு உறைகளைக் கிளிப்பில் மாட்டியிருப்பார்கள். மின்விசிறி ஓடினால் கதாநாயகர்களும் கதாநாயகிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் இடித்துக்கொண்டு ஆடுவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடியே ஒரு பிளேயர். உள்ளே நுழைந்ததும் புது அட்டையும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை வரும். அந்த வாசனை எங்கேயாவது வந்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது வாங்க வேண்டும்போல் இருக்கும்.

கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் ஒரு தூசி பார்க்க முடியாது. சிரிக்கவும் மாட்டார். அவர் கடையில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு சட்டம் உண்டு. பல்லவி வரைக்கும்தான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் உறையிலிருந்து எடுப்பார். விளிம்பை மட்டும் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, நெளிவு இருக்கிறதா என்று பார்ப்பார். வெல்வெட் துணியால் ஒரு சுற்றுத் துடைப்பார். ஊசியை இறக்குவார். முன்னிசை வரும், பல்லவி வரும், பல்லவியின் கடைசி எழுத்து காற்றில் நிற்கும்போதே ஊசி மேலே போய்விடும். சரணத்தின் முதல் எழுத்தைக்கூட அவர் யாருக்கும் ஓசியில் கொடுத்து நான் பார்த்ததில்லை. கெஞ்சினால், "மிச்சத்த வீட்டுல போய்க் கேளுங்க" என்பார்.

பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதனால் ஒரு விசித்திரமான கல்வி கிடைத்தது. புதிதாக வந்த அத்தனை பாட்டுக்கும் பல்லவி தலைகீழ்ப் பாடம், சரணம் ஒன்றுகூடத் தெரியாது. அந்தப் பெஞ்சில் வளர்ந்த ஒருவர் பிற்காலத்தில் எங்கள் பள்ளிக்கு எழுத்தராக வந்தார். ஆண்டு விழாவில் பாடச் சொன்னால் பதினைந்து பாட்டுக்குப் பல்லவி மட்டும் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கடைக்காரருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வந்தவர் கையில் என்ன பை இருக்கிறது என்று பார்த்து அவரே பாட்டை முடிவு செய்துவிடுவார். ஜவுளிக்கடைப் பை என்றால் கல்யாணப் பாட்டு. மருந்துக்கடைப் பொட்டலம் என்றால் பக்திப் பாட்டு. எங்கள் கையில் எப்போதும் சந்தைப் பை. கத்தரிக்காயும் கருவாடும் எட்டிப் பார்க்கும். அதனால் எங்களுக்குத் தெம்மாங்குதான் எடுத்துப் போடுவார். என் அக்காவுக்கு அதில் பயங்கரக் கோபம். கடைக்குள் நுழையும் முன்பே இரண்டு பையையும் அப்பா கையில் திணித்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு, கைவீசி நடந்து போவாள்.

அப்பா உள்ளே வரமாட்டார். விவசாயி, வாசலோடு சரி. பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "வெரசா வாங்க, பஸ்ஸு போயிரும்" என்பார். அறுப்பு முடிந்து நெல்லை மண்டியில் போட்ட பிறகு வருகிற சந்தை நாளில்தான் எங்களுக்கு ஒரு இசைத்தட்டு வாங்கித் தருவார். மலேயாவிலிருந்து என் தாய்மாமன் கொண்டுவந்த நீலநிறப் பெட்டி பிளேயர் வீட்டில் இருந்தது. அதற்குத் தீனி போட வேண்டுமே. பெண்பிள்ளைகள் அந்தக் கடைப் படியேறுவது அபூர்வம் என்பதால் தெருவே திரும்பிப் பார்க்கும். நாங்கள் அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டோம்.

தேர்ந்தெடுப்பதில் இருந்த பயம் இருக்கிறதே, அதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? இப்போது விரலால் தள்ளினால் அடுத்த பாட்டு. அன்று ஒரு அறுப்புக்கு ஒரே ஒரு தட்டு. அதுவும் பல்லவியை மட்டும் நம்பி வாங்க வேண்டும். பல்லவி தேனாக இருக்கும், வீட்டுக்கு வந்து போட்டால் சரணம் சவசவ என்று இழுக்கும். மாற்றிக்கொள்ளவும் முடியாது. வருடம் முழுக்க அதோடு குடும்பம் நடத்தத்தான் வேண்டும். என் அக்காவுக்குக் கல்யாணம் முடிவானதும் அப்படித்தான். மாப்பிள்ளை சிவகங்கை கோர்ட்டில் வேலை. பெண் பார்க்க வந்தவர் ஒரு காபி குடிக்கிற நேரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பல்லவி வரைக்கும்தான் பார்த்தாள். சரணத்தைச் சிவகங்கைக்குப் போய்த்தான் கேட்டாள்.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கக் காரைக்குடிக்கு வந்தபோது, எல்லாம் முடிந்து கடைசியாக ரிக்கார்டுக் கடைக்குப் போனோம். இந்த முறை கையில் பட்டுப்புடவைப் பை. கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கல்யாணப் பாட்டுகளாக எடுத்து அடுக்கினார். அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லார் வீட்டுப் பந்தலிலும் பாடுகிற பாட்டு அவளுக்கு வேண்டாமாம். இதுவரை யாருடைய பந்தலிலும் பாடாத பாட்டு வேண்டுமாம். கடைக்காரர் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அலமாரியின் அடியிலிருந்து படம் கூட இல்லாத வெற்று உறையில் ஒரு சின்னத் தட்டை எடுத்தார். சினிமாப் பாட்டு இல்லை, தனிப்பாட்டு, நாடகத்தில் பாடுகிற ஒரு அம்மா பாடியது, இரண்டே தட்டுத்தான் கடைக்கு வந்தது, ஒன்றைக் கண்டனூர் ஆச்சி ஒருத்தி வாங்கிப் போய்விட்டாள் என்று சொன்னார். ஊசியை இறக்கினார்.

சலங்கை கட்டிப் போன வண்டி
சந்தை விட்டுத் திரும்பலையே
அடுப்பு மேலே உலை கொதிக்க
ஆளைக் காணோம் வாசலிலே

கரகரத்த, பெரிய குரல். சந்தைக்குப் போன புருஷன் திரும்பாததால் ஒருத்தி வாசலில் நின்று பாடுகிறாள். தட்டு வாங்க வந்திருந்த, பந்தலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ரேடியோ செட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் அப்பா பஸ்ஸை மறந்து நின்றார். பல்லவி முடிந்தது, ஊசி தூக்கப்பட்டது. அக்கா விலையைக் கேட்காமலேயே தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்தன்று பந்தலில்தான் இதை முதலில் போட வேண்டும், அதுவரை வீட்டில் யாரும் போடக்கூடாது என்று பஸ்ஸிலேயே உத்தரவு போட்டாள். அவள் உத்தரவுக்கு அன்றும் இன்றும் மறுபேச்சு கிடையாது.

இனி பேர் வெட்டிய கதை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீர் என்றால் பேர் வெட்டாமல் ஒரு கரண்டிகூட வாசல் தாண்டாது. கல்யாண வீட்டில் பத்து வீட்டுப் பாத்திரம் கலந்து கிடக்கும், யாருடையது எது என்று பிரிக்க அந்தப் பேர்தான் கதி. பேர் வெட்டுகிறவர் முற்றத்தில் உட்கார்ந்து, சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, குடம், தட்டு, தூக்கு என்று எல்லாவற்றிலும் அப்பாவின் தலைப்பெழுத்தையும் ஊரின் எழுத்தையும் பதித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வை என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான். கல்யாணத்தன்று எங்கள் இசைத்தட்டுகள் ரேடியோ செட்டுக்காரர் கைக்குப் போகும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். செட்டுக்காரரிடம் நூறு தட்டு இருக்கும், அதில் நம்முடையது கலந்தால் திரும்பி வருமா? அத்தை நேரே போய் எங்கள் இசைத்தட்டுகளை அள்ளி வந்து பேர் வெட்டுகிறவர் முன்னால் வைத்துவிட்டாள்.

அவர் தயங்கியிருக்கிறார். பிறகு நன்றாகத்தான் யோசித்திருக்கிறார், பாவம். நடுவில் ஒட்டிய காகிதத்தில் வெட்டினால் கிழியும், கோடு கோடாக இருக்கிற இடத்தில்தான் பாட்டு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வெறுமையாக ஒரு வளையம் இருக்கிறதே, அங்கே வெட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அடுக்கில் மேலே இருந்தது புதுத் தட்டு. இரண்டு எழுத்து வளையத்துக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. மூன்றாவதான ஊர் எழுத்துக்கு இடம் போதவில்லை. அது பாட்டுக்குள் ஏறிவிட்டது.

நான் கொல்லையிலிருந்து வந்தபோது இரண்டாவது தட்டில் உளியை வைத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் உளி கீழே விழுந்தது. மிச்சத்தை வாரி எடுத்துக்கொண்டு, அத்தையை வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவள் அசையவே இல்லை.

"பேரு இல்லாத சாமான் நம்ம சாமானாடி?" என்றாள்.

கல்யாணத்தன்று குழாய் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு ஊருக்கே கேட்டது. கடைசிச் சரணம் தொடங்கியதும் 'டிக், டிக்' என்று ஒரு தட்டல் சேர்ந்துகொண்டது. சுற்றுக்கு ஒருமுறை ஊசி எங்கள் ஊர் எழுத்தில் இடித்தது. பந்தலில் இருந்தவர்கள் அதை மாட்டின் குளம்புச் சத்தம் என்று நினைத்துக்கொண்டு, என்னமாய்ப் பாட்டுக் கட்டியிருக்கிறான் என்று மெச்சினார்கள். 'மஞ்சள் வாங்கி' என்று அந்த அம்மா எடுத்ததும் ஊசி ஒரு குதி குதித்து, 'வண்டி வந்து சேர்ந்திடுமோ' என்று முடித்துவிட்டது. மாலையும் கழுத்துமாக மணவறையில் இருந்த அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தாலி கட்டப் போகிற நேரத்தில் ஒரு பெண் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை.

தட்டு அவளோடு சிவகங்கைக்குப் போனது. நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அத்தான் வீட்டுப் பிளேயரில் போட்டுக் கேட்போம். குதியோடு சேர்த்தே பாட்டு எங்களுக்குப் பாடமாகிவிட்டது. அக்கா அதைக் குடும்ப நிர்வாகத்துக்கும் பயன்படுத்தினாள். என் அத்தான் தங்கமான மனுஷர், ஆனால் கடைக்கு அனுப்பினால் போன காரியம் தவிர மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டு வருவார். சீனி வாங்கப் போனவர் நாலு பேர் வழக்கைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு படியேறுவார். அக்கா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, "மஞ்சள் வாங்கி வண்டி வந்து சேர்ந்திடுமோ" என்று பாடுவாள். அவர் அப்படியே திரும்பிக் கடைக்கு நடப்பார். அந்தத் தெருவில் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வரி தெரியும்.

பிறகு அவர்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். அந்தக் களேபரத்தில் பழைய பாத்திரங்களோடு இசைத்தட்டுப் பெட்டியும் எடைக்குப் போய்விட்டது. பாட்டு எங்கள் வாயில் மட்டும் மிஞ்சியது. ரிக்கார்டுக் கடை கேசட் கடையாகி, கேசட் கடை மூடியும் போயிற்று. செல்போன் வந்த பிறகு வீட்டுப் பிள்ளைகள் தேடித் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பாட்டே இல்லை என்று வந்தது. தம்பிக்குக் கொண்டாட்டம். கல்யாணத்தின்போது பொடியனாக இருந்தவன் அவன், பாட்டைத் தட்டில் கேட்ட ஞாபகமே இல்லை என்றான். அக்காவும் நானும் கூடிப் பேசிக் கட்டிய பாட்டு என்று தீர்ப்பே எழுதிவிட்டான்.

இந்த நிலைமையில்தான் அத்தானுக்கு எண்பது வயது நிறைந்தது. சிவகங்கையில் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்தார்கள். என்ன வேண்டும் என்று அக்காவிடம் போனில் கேட்டேன். பட்டும் வேண்டாம், நகையும் வேண்டாம் என்றாள்.

"அன்னைக்கிப் பந்தல்ல போட்ட பாட்ட இன்னொரு தடவ அவுக பக்கத்துல உக்காந்து கேக்கணும்டி" என்றாள்.

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. பக்கத்தில் இருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பாட்டு மட்டும் கிடைத்துவிட்டால் சதாபிஷேக மேடையில் மைக்கைப் பிடித்து முழுப் பாட்டையும் தானே பாடுவதாகச் சவால் விட்டான். நான் தோற்பதைக் கூடவே இருந்து பார்க்க ஆசை அவனுக்கு. அதனால் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு காரைக்குடியின் பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் அவனே கூட்டிப்போனான்.

அந்தக் கடைகளில் இசைத்தட்டுக்குக் குறைவில்லை. பெரிய வீடுகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து குவிந்திருக்கின்றன. ஆனால் பாட்டுக் கேட்க யாரும் வாங்குவதில்லை. ஓட்டல் சுவரில் ஒட்டுகிறார்கள். நடுவில் முள் பொருத்திக் கடிகாரம் செய்கிறார்கள். ஒரு கடையில் தட்டைச் சூடுபடுத்தி வளைத்து, பழம் வைக்கிற கிண்ணமாக்கி வைத்திருந்தார்கள். நான் அங்கேயே சத்தம் போட்டேன். தம்பி என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

என் தேடல் முறை எளிது. சிவகங்கையில் எடைக்குப் போன பாத்திரங்கள் காரைக்குடி வந்து சேர்வது வழக்கம்தான். ஆகவே எங்கள் தட்டும் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டையும் எடுத்து, நடுக் காகிதத்தை ஒட்டிய வளையத்தில் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவேன். உளிப் புள்ளி தட்டுப்படவில்லை என்றால் அங்குட்டுத் தூக்கி வைத்துவிடுவேன். காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதுகூட இல்லை. பூச்சி அரித்ததும் தண்ணீர் பட்டதுமாகப் பாதி படிக்கவும் முடியாது.

கடைசிக் கடையில் ஒரு இளம்பெண் வியாபாரம் பார்த்தாள். எனக்கு ஒரு முக்காலி போட்டு, நான்கு பெட்டிகளை இழுத்து வைத்தாள். நான் தடவித் தடவி ஒதுக்க, தம்பி ஒரு பழைய சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு, நான் ஒதுக்கியவற்றை எடுத்துக் காகிதத்தில் இருந்ததை உரக்கப் படித்துக் கேலி செய்துகொண்டிருந்தான். திடீரென்று சத்தம் நின்றது. என் தம்பி தானாகப் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயம் அல்ல. திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னத் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"சின்னக்கா, இது நம்ம வீட்டுது இல்ல" என்றான். "ஆனா நம்ம பாட்டு."

நான் சற்றுமுன் தடவிப் பார்த்து ஒதுக்கிய தட்டு அது. பேர் இல்லை என்பதால் எங்களுடையது இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். உலகத்தில் அந்தப் பாட்டுக்கு வேறு தட்டே இருக்க முடியாது என்பதுபோல இத்தனை காலமும் எங்கள் பேரையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் அத்தைக்கும் எனக்கும் அப்படி ஒன்றும் வித்தியாசம் இல்லை. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கண்டனூரில் ஒரு வீட்டிலிருந்து என்றாள் அந்தப் பெண். கடைக்காரர் சொன்ன இன்னொரு தட்டு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தம்பி நினைத்திருந்தால் அதைக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு அடுத்ததைப் படித்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தட்டை வாங்கினேன். விளிம்பைப் பிடித்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கினேன். நெளிவு இல்லை. முந்தானையின் சுத்தமான பக்கத்தால் ஒரு சுற்றுத் துடைத்தேன். போட்டுக் காட்டச் சொன்னேன். எல்லாம் அலங்காரத்துக்குத்தான், பாடாது என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். பல்லவி வரைக்குமாவது கேட்காமல் இந்த ஊரில் யாரும் தட்டு வாங்கியதில்லை என்றேன். கடைசியில் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பிளேயரைத் தூசி தட்டிச் செருகினாள். ஊசியை நானே இறக்கினேன்.

கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பெரிய குரல். சலங்கை கட்டிப் போன வண்டி. நான் அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்? தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். ஆளைக் காணோம் வாசலிலே என்று முடிந்து, கடைசி எழுத்து காற்றில் நிற்கும்போதே நான் ஊசியைத் தூக்கினேன்.

"ஏன்க்கா நிப்பாட்டுன? கடசிச் சரணத்தப் போடு" என்று பதறினான்.

"பல்லவி வரைக்கும்தான். மிச்சத்த வீட்டுல போய்க் கேளுங்க."

என் வாழ்நாளில் நான் சொன்ன வசனங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சிவகங்கை போகும்வரை தினமும் போன் செய்து கெஞ்சினான். நான் மசியவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா கேட்பதற்கு முன்னால் அந்த வரிகளைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சதாபிஷேகத்தன்று காலையில் கோயிலில் எல்லாம் முடிந்து மண்டபத்துக்கு வந்ததும், தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று அத்தானிடம் அக்கா கேட்டாள். அபிஷேகத்துக்கு முன்னால் கழற்றி அவரிடம்தான் கொடுத்திருந்தாள். அவர் வேட்டி மடிப்பைத் தடவினார், சட்டைப்பையைத் தடவினார், கடைசியில் மேற்கூரையைப் பார்த்தார். கோயிலிலேயே விட்டுவிட்டார். மாலையும் கழுத்துமாக மேடையில் வைத்தே அக்கா அவரை ஒரு பிடி பிடித்தாள். அவர் பாவமாக அட்சதையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

நான் நீலப் பெட்டி பிளேயரை மேடையில் வைத்து, மைக்கை அதன் பக்கம் திருப்பினேன். மலேயா மாமன் கொண்டுவந்த அதே பெட்டி, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. ஊசி மட்டும் புதிது. பல்லவி தொடங்கியதும் அக்கா திட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். கண்ணாடி இல்லாத கண்ணால் என்னைத் தேடினாள். முகம் அப்படியே இருபது வயதுக்குப் போனது. தம்பி வாக்குத் தவறவில்லை. இன்னொரு மைக்கை எடுத்துக்கொண்டு கூடவே பாடினான். ஒரு சொல் பிசகவில்லை. கேலி செய்வதற்காகவே இத்தனை வருடம் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்த சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசிச் சரணத்தில் 'மஞ்சள் வாங்கி' என்று மண்டபமே எடுத்தது, மண்டபமே ஒரு குதி குதித்தது, 'வண்டி வந்து சேர்ந்திடுமோ' என்று முடித்தது.

தட்டு குதிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் முடித்துவிட்டு நின்ற அமைதியில், அந்த அம்மா நிதானமாகப் பாடிக்கொண்டு போனாள்.

மஞ்சள் வாங்கி வரச் சொன்னேன்
மறந்து வந்தால் கோபமில்லை
வாசல் தாண்டி ஆள் வரணும்
வண்டி வந்து சேர்ந்திடுமோ

எங்கள் ஊர் எழுத்து தின்றிருந்தது அந்த மன்னிப்பைத்தான். அது தெரியாமல் மிச்சம் இருந்த வரியை வைத்து அக்கா ஒரு மனுஷரை ஐம்பது வருடமாகக் கடைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். முதலில் எழுந்தவர் அத்தான். எண்பது வயது, மாலை கனம், இருந்தும் கைத்தாங்கல் இல்லாமல் எழுந்து நின்றார். கோர்ட்டில் வேலை பார்த்த காலத்தில்கூட அவர் குரல் இப்படி ஒலித்திருக்காது.

"கேட்டியா? பாட்டுலயே சொல்லிருக்கு."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. அக்கா காதோரம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாட்டுக்காரிக்குக் கோவமில்ல. எனக்கு இருக்கு" என்றாள். பிறகு என்னிடம், "இன்னொரு தடவ போடு" என்றாள்.

இரண்டாம் முறை ஓடியபோது தம்பிக்கு ஏதோ குறைந்தது. கடைசிச் சரணத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து 'டிக், டிக்' என்று தட்டத் தொடங்கினான். தட்டில் கேட்ட ஞாபகமே இல்லை என்று சொன்னவன்! அப்போதுதான் அது எங்கள் பாட்டாயிற்று. நாலு வரியையும் குதிக்காமல் பாடி முடித்தோம். பாட்டு முடிந்த பிறகும் நான் ஊசியைத் தூக்கவில்லை. எங்கள் பேர் வெட்டாத அந்த வளையத்தில் அது பாட்டுக்குச் சுற்றட்டும் என்று விட்டேன்.

சாயங்காலம் அத்தான் யாரிடமும் சொல்லாமல், கண்ணாடியை எடுத்துவரக் கோயிலுக்கு நடந்தே போயிருக்கிறார். எல்லோரும் வாசலில் தேடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் தெரிந்தார். நெற்றியில் பளிச்சென்று புது விபூதி. கையில் பிரசாதப் பொட்டலம். வழியில் யாரிடமோ வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம். கண்ணாடி இல்லை. படியேறப் போகும்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது. ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

அக்கா இடுப்பில் கை வைத்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், கையிலிருந்த வாழைப்பழத்தைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, சுருதி பிசகாமல், அந்த வரியைப் பாடினாள்.

மறந்து வந்தால் கோபமில்லை.